கை ஊன்றாமல் எழுவது

அத்தை,

மிஷினிலிருந்து வந்த ராகி மாவு இன்னும் சூடாக இருக்கிறது. பையை அவிழ்த்ததும் அந்த வாசனை எழுந்தது. லேசாகக் கருகிய தவிட்டின் வாசனை. கையை உள்ளே விட்டேன். சட்டென்று எடுத்துக்கொண்டேன். ஓர் உடம்பைத் தொட்டதுபோல் இருந்தது.

நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிறது. உங்களைக் குளிப்பாட்டியபோது என் கை தொட்டதை அது இன்னும் மறக்கவில்லை. அந்த அதிர்ச்சியை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. உங்களிடமே சொல்கிறேன்.

சேலத்திலிருந்து நான் கெலமங்கலத்துக்கு மருமகளாக வந்தபோது சுதந்திரம் வந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. முதல் நாள் காலை கண் விழித்து வாசலுக்கு வந்தேன். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். கிணற்றிலிருந்து நீங்கள் நடந்து வந்துகொண்டிருந்தீர்கள். எதிர்வீட்டு ஜயம்மா சாணி தட்டிக்கொண்டே கேட்டாள்.

"மருமக வந்தாச்சு. இன்னும் நீயே சொமக்கிறியா? ஊரு என்னா சொல்லும்?"

ஊர் சொல்வதற்கு முன்பே உங்கள் மகன் குடத்தை வாங்கிவிட்டார். என்னைத் தூக்க விடவில்லை, நான் பட்டணத்தில் படித்தவள். தண்ணீருக்கு ஓர் ஆள் வைத்தார். அந்த வருஷமே ஊருக்கு மாவு மிஷின் வந்தது. ராகி அரைத்த திருகை மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்ந்தது. "இனிமே எங்கம்மா உக்காந்து சாப்பிடட்டும்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். இந்தப் பக்கத்தில் அது பெரிய பெருமை. தாய் உட்கார்ந்திருந்தால் மகன் தலையெடுத்துவிட்டான் என்று அர்த்தம்.

நீங்கள் உட்கார்ந்தீர்கள். கயிற்றுக் கட்டிலில், வேப்பமரத்தடியில், மகனுடைய பெருமையாக.

உடம்பு கரைவது சத்தம் போடுவதில்லை. புடவைக்குள் நடக்கிறது. யாரும் பார்ப்பதில்லை.

இரண்டு மூன்று வருஷம் போனது. பிறகு ஒரு காலை. காயவைத்த ராகியில் கோழி வாய் வைத்தது. அதை விரட்ட எழுந்தீர்கள். கல் தடுக்கவில்லை. வழுக்கவில்லை. எழுந்த உடம்பை உங்கள் கால் தாங்கவில்லை, அவ்வளவுதான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் அடுப்படியில் எனக்குக் கேட்டது.

பேரிகையிலிருந்து கட்டுப் போடுகிறவர் வந்தார். மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். அதை அவிழ்க்க வந்த நாளில் நான் பக்கத்தில் இருந்தேன். புடவையை ஒதுக்கினார். முறிந்த கால் மெலிந்திருந்தது, அதை எதிர்பார்த்திருந்தேன். முறியாத காலும் அப்படியே இருந்தது. தோல் எலும்பிலிருந்து தொங்கியது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "எலும்பு கூடிடுச்சு அம்மணி. சதைதான் இல்லியே. அத நான் கட்ட முடியாது."

எல்லோரும் ஓய்வு என்றார்கள். ஓய்வுதான் உங்களை விழ வைத்தது என்று நீங்கள் மட்டும் நினைத்திருக்கிறீர்கள். அன்று என்னிடம் சொன்னீர்கள், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு.

"வேற ஒண்ணும் வேணாம் கண்ணு. கொல்லைக்கு நானே போவணும். நானே எந்திரிக்கணும்."

தினமும் இரண்டு பெண்கள் அக்குளில் கைகொடுத்து உங்களைத் தூக்கிப்போவார்கள். திரும்பி வரும்போது நீங்கள் யாரையும் பார்க்க மாட்டீர்கள்.

மறுநாள் காலை கல்லின்மேல் கல் உரசும் சத்தம். தண்ணீர் எடுக்கிறவளைக் கொண்டு திருகையை உருட்டி வரச் செய்திருந்தீர்கள். காலை நீட்டி உட்கார்ந்து, இரு கையாலும் பிடியைப் பற்றிச் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். உள்ளே தானியம் இல்லை. வெறும் கல்.

ஜயம்மா தெருவைக் கடந்து ஓடி வந்தாள். "பேடா! பேடா!" பதற்றம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் வரும். வேண்டாம், வேண்டாம். பிறகுதான் தமிழ் வந்தது. "வெறுங்கல்லு சுத்தறியே, புத்தி கெட்டுப்போச்சா? வூட்ல ஒரு உசுரு போவுமே!"

சொல்லிவிட்டு என் வயிற்றைப் பார்த்தாள். எனக்கு ஆறாம் மாதம்.

சென்னையில் தத்துவம் படித்தவள் நான். என் கை தானாக வயிற்றுக்குப் போனது. அதைப் பார்த்து நானே திடுக்கிட்டேன்.

உங்கள் மகன் கழனியிலிருந்து வந்தார். "நிறுத்தும்மா. அம்மாவக் கல்லு சுத்த வெச்சிட்டான்னு ஊரு சிரிக்கும். என் மானம் போவுது. இவ வேற மாசமா இருக்கா."

"மானமா? ரெண்டு பொம்பளைங்க என்னை வெளிக்குத் தூக்கினு போறாங்களே, அது யாரு மானம்டா?"

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

"வெறுங்கல்லு ஆவாது, அவ்ளோதான? கண்ணு, ஒரு பிடி ராகி எடுத்தா."

கொண்டுவந்து கொடுத்தேன். குழியில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினீர்கள். "இப்ப வெறுங்கல்லா ஜயம்மா?"

"உன் வாய்க்கு அந்த எமனே பயப்படுவான்."

"பயப்படட்டும். கொஞ்ச நாளு கழிச்சி வரட்டும்."

அந்த ஒரு பிடியையே திரும்பத் திரும்ப அரைத்தீர்கள். மாலைக்குள் அது விரலில் நிற்காத தூளாகிவிடும். மறுநாள் இன்னொரு பிடி. ஊர் சிரிக்கத்தான் செய்தது. மிஷின் இருக்கும் ஊரில் கிழவி ஒரு பிடி மாவுக்கு நாளெல்லாம் கல் சுற்றுகிறாள் என்று. உங்களுக்கு மாவு தேவைப்படவில்லை. தோள் தேவைப்பட்டது.

காலுக்கு வேறு வழி கண்டீர்கள். கட்டிலில் உட்கார்ந்து எழுவது. முதலில் தூணைப் பிடித்துக்கொண்டு, பிறகு பிடிக்காமல். அது சுலபமானதும் கவிழ்த்த உரலின் மேலிருந்து. அடுத்து முக்காலி. அடுத்து மணை. நீங்கள் வலுவாக வலுவாக உட்காரும் இடம் தாழ்ந்துகொண்டே வந்தது. வலித்த நாளில் நிறுத்தினீர்கள். மறுநாள் மீண்டும். எனக்குப் பிரசவமாகி நான் சேலத்திலிருந்து குழந்தையோடு திரும்பியபோது தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தீர்கள். குழந்தையை வாங்கிக்கொண்டீர்கள். பிறகு எழுந்தீர்கள். இரண்டு கையிலும் குழந்தை. ஊன்றக் கை இல்லை.

வாசலில் நின்ற உங்கள் மகன் தலைப்பாகையை அவிழ்த்து முகம் துடைத்தார். வெயில் இல்லை.

குடமும் திரும்பி வந்தது. அடியில் கொஞ்சம் தண்ணீர். பிறகு அரைக் குடம். ஒரு மழைக்காலத்தில் கிணற்றுப் பாசியில் உங்கள் கால் வழுக்கியதைப் பார்த்தேன். நான் அலறினேன். நீங்கள் ஒரு காலை அகட்டி, வளைந்து, நின்றுவிட்டீர்கள். குடம் மட்டும் போனது. "என்னாத்துக்குக் கத்தற? நான்தான் நிக்கறனே" என்றீர்கள்.

அறுபதைத் தாண்டிய உடம்பு. போன சதை திரும்ப வரும் என்று எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை. கண்ணால் பார்த்தும் நான் முழுக்க நம்பவில்லை என்று நினைக்கிறேன். நம்பியது கையால் தொட்ட அன்றுதான்.

போன மாதம் ஒரு நாள் சந்தைக்கு நடந்து போய், நடந்து வந்து, களி தின்றுவிட்டுப் படுத்தீர்கள். விடிந்து நான் எழுப்பினேன். எழவில்லை. எதுவும் முறியவில்லை, யாரும் தூக்கிப்போகவில்லை, ஒரு நாளும் படுக்கையில் கிடக்கவில்லை. போய்விட்டீர்கள்.

குளிப்பாட்ட நானும் ஜயம்மாவும். அவள் தண்ணீர் ஊற்றினாள், நான் மஞ்சள் தேய்த்தேன். பத்தை அவிழ்த்த நாளில் பார்த்த அந்தக் கால்தான் என் மனத்தில் இருந்தது. கை தொடைக்கு வந்ததும் நின்றுவிட்டது. சதை திரண்டு கெட்டியாக இருந்தது. ஜயம்மாவும் தொட்டுப் பார்த்தாள். செம்பு கைதவறி விழுந்தது.

"இது கெழவி தொடையா? உழுவுற மாட்டுத் தொடையாட்டம் இருக்குதே!" என்றாள். சிரித்துவிட்டு, உடனே ஓவென்று அழுதாள். நான் அழவில்லை. இத்தனை உயிர் இருக்கிற உடம்பு எப்படிச் செத்தது? அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் கேட்கிறேன். உடம்பு தேய்ந்து தேய்ந்துதான் சாவு வரும் என்று நினைத்திருந்தேன். நீங்கள் தேயாமல் போனீர்கள்.

போன வாரம் சேலம் போயிருந்தேன். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில வருஷம் ஆகிறது. சாய்வு நாற்காலி வாங்கியிருக்கிறார். செய்தித்தாள், வெற்றிலைப் பெட்டி, காப்பி எல்லாம் அங்கேயே வருகிறது. "உழைச்சது போதும், உக்காரட்டும்" என்கிறாள் அம்மா. அதே பெருமை.

என்னைக் கண்டதும் அப்பா எழ முயன்றார். இரு கையையும் சட்டத்தில் ஊன்றினார். பாதி எழுந்து பின்னால் விழுந்தார். சிரித்தார். "வயசாயிடுச்சும்மா." வேட்டிக்குக் கீழே அவர் கெண்டைக்கால் தெரிந்தது. அந்தக் காலை நான் முன்பே பார்த்திருக்கிறேன், அத்தை.

அவரைத் தூக்கி மர நாற்காலிக்கு மாற்றினேன். மேலே ஒரு தலையணை போட்டு உயரமாக்கினேன்.

"என்னம்மா இதெல்லாம்? எனக்கு என்ன ஆச்சு?"

"இன்னும் ஒண்ணும் ஆகலப்பா. கையை மடியில வெச்சிக்கிட்டு எழுந்திருங்க."

தொடை நடுங்கியது. எழுந்தார். உட்காரச் சொன்னேன். மறுபடி எழச் சொன்னேன். கோபம் வந்தது அவருக்கு, ஆனாலும் எழுந்தார். அம்மா காப்பியோடு வந்தாள்.

"அடுப்படியிலேயே வெச்சிடும்மா" என்றேன். "அவரே வந்து எடுத்துக்குவார்."

அம்மா அடிபட்டவள்போல என்னைப் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். காப்பி உள்ளே போனது. பிறகு அவர் அதன் பின்னால் நடந்தார்.