பொகை இல்ல, பொகையில

வாயைத் திறந்தால் வாதம், மூடினால் பீடி என்று வாழ்ந்த என் அருமை நைனாவுக்கு,

உன் நினைவு நாள் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. நீ போய் ஐந்து வருடம். வழக்கமாக உனக்கு எழுத உட்கார்ந்தால் மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் எழுதுவேன். இந்தத் தடவை சிரிப்பு வந்து வந்து பேனா நிற்கிறது. பாதிக் காரணம் உன் மகன் முரளி, மீதி அம்மா. கொஞ்சம் நீயும்தான்.

முரளி இங்கிலாந்திலிருந்து இரண்டு வாரம் லீவில் வந்திருந்தான். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று வாசலிலேயே சொன்னான். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் சாப்பிட்ட கையோடு பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்து வாயில் வைத்து இழுத்தான். வெள்ளையாக ஊதினான். வீடு முழுக்க மாம்பழ வாசனை.

"இன்னாடா இது, மாங்கா வாசன? தோத்தாபுரியும் இல்ல, பங்கனபள்ளியும் இல்ல. எந்த ஊரு மாங்கா?" என்று அம்மா மோந்து பார்த்தாள்.

"வேப்பும்மா."

"வேப்பிலயில எப்பிடிடா மாங்கா வாசன வரும்?"

"வேப்பில இல்லம்மா, வேப்பு. மிஷினு. சிகரெட்டு மாதிரி எரியாது. பொகை இல்ல."

அம்மா தலையாட்டிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அவள் காதில் என்ன விழுந்தது என்று அப்போது நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. 'புகை இல்லை' என்பதும் 'புகையிலை' என்பதும் ஆந்திர எல்லையில் தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் நம் சத்தியவேட்டு வாயில் ஒன்றுபோலத்தானே வந்து விழும்?

நான் மிஷினை வாங்கிப் பார்த்தேன் நைனா. சிகரெட்டு போய்விட்டது, அதன் நிகோட்டின் மட்டும், சூடாக்கி ஆவியாக இழுக்கிற திரவமாகப் பாட்டிலில் அடைத்து அவன் பைக்குள் வந்துவிட்டது. உன் தொண்டைச் சதையின் ஸ்லைடைப் பார்க்காதே என்று நான் வேலை செய்யும் திருப்பதி லேப்பில் எங்கள் டாக்டர் தடுத்தும் பார்த்தவள் நான். அதில் பார்த்த கேன்சரை மறக்க முடியாது. இன்னொரு தடவை அப்படி ஒரு கண்ணாடித் துண்டில் நம் வீட்டுப் பெயர் வரக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மறுநாள் உன் படையல். களி, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, வேர்க்கடலை உருண்டை, கூடவே உன் பீடிக் கட்டும் தீப்பெட்டியும். வழக்கம்போல அம்மா கற்பூரம் காட்டி, நீ வந்து சாப்பிடுவதற்காகக் கதவைச் சாத்தினாள். நாங்கள் மூன்று பேரும் வெயிலில் வெளியே நின்றோம். அங்கேதான் சண்டையை ஆரம்பித்தேன். உள்ளே உட்கார்ந்து நீ எல்லாவற்றையும் கேட்டிருப்பாயே?

"அக்கா, நிகோட்டின்ல கேன்சரு வராது. நைனாவக் கொன்னது பொகை. எல எரியறப்போ வர்ற தாரு, கரி, கண்ட விஷம். எரியறதே இல்லன்னா கேன்சரு எங்கேந்து வரும்? அங்க டாக்டருங்களே, சிகரெட்டுக்கு இது தேவலன்னு சொல்றாங்க."

இல்லை, நிகோட்டின்தான் கேன்சர் என்று அவன் முகத்தில் அடித்தாற்போல் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? முடியவில்லை. வாதத்தில் பொய் சொன்னால் ஜெயித்தாலும் தோல்விதான் என்று கடலை வண்டிக்காரனிடம்கூடப் பிடிவாதம் பிடித்தவன் மகளாயிற்றே. நிகோட்டின் தானாகவே புற்றுநோயைக் கிளப்பும் என்று இதுவரை உறுதியாகவில்லை. புகையில் இருக்கும் மற்ற விஷங்கள்தான் பெரிய குற்றவாளிகள். பீடியைவிட அவன் மிஷினில் அவை குறைவு என்பதும் நிஜம்.

"சரிடா, நிகோட்டின் கொலகாரன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா ஏற்கெனவே வந்த கட்டிய அது வளத்து வுடுமோன்னு ஒரு சந்தேகம் கீது. அந்த ஆவியில நிகோட்டின் மட்டுமா கீது? சூடாவறப்போ வேற இன்னான்னாவோ சேருது. முப்பது வருசம் இத்த இழுத்தவன் எவனும் இன்னும் இல்ல, கேட்டுத் தெரிஞ்சிக்க. கொலகாரனுக்கு இவன் வழி காட்ட மாட்டான்னு நீ எழுதிக் குடுப்பியா?"

"அது தெரியாதுக்கா. யாருக்கும் தெரியாது."

"தெரியாததயா நாளெல்லாம் இழுத்துக்கினு கீற? இந்தியாவுல இந்த மிஷினுக்குத் தடை வேற. விட முடியலன்னு சொல்லு, ஒத்துக்கறேன்."

கோபத்தில் அவன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பை காலி.

"அம்மா, என் மிஷினு எங்க?"

"உள்ள எலையில கீது," என்றாள் அம்மா நிதானமாக. "நைனாவுக்கு வெச்சிட்டேன். பாவம், மனுசன் வெளிநாட்டுப் பொகையில பாத்ததே இல்ல."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். முரளி கதவைப் பார்க்கிறான், திறக்க முடியாது. நீ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாய். அம்மா கதவைத் திறந்ததும் ஓடினான். பீடிக் கட்டுக்குப் பக்கத்தில், களி உருண்டைமேல் சாய்த்து, ஒரு சாமந்திப் பூவும் வைத்து, ராஜ மரியாதையோடு இருந்தது அது.

"தொடாத!" என்றாள் அம்மா. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். சோறு எல்லோருக்கும். உனக்கு வைத்த பீடி மட்டும் உன் படத்துக்குப் பின்னால் போய்விடும், உயிரோடு இருப்பவர்கள் எடுக்கக் கூடாது.

"ஐயோ அம்மா, பொகை இல்லன்னுதான் சொன்னேன்!"

"அதாண்டா, பொகையில."

முரளி தலையில் அடித்துக்கொண்டு தெலுங்குக்குத் தாவினான். "பொகாகு காதும்மா! பொக லேது, பொக லேது!"

அது புகையிலை அல்ல, அதில் புகை இல்லை என்றுதான் அவன் சொன்னான் என்று அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. "அத்த மொதல்லயே தெலுங்குல சொல்றதுக்கு இன்னா கேடு? சரி, வெச்சது வெச்சதுதான்."

முரளிக்கு முகம் சிவந்துவிட்டது. "நல்லா கீதும்மா உங்க நியாயம். நான் ஆவி வுடக் கூடாது, பீடியால செத்த மனுசனுக்கு மட்டும் வருசா வருசம் பீடி. அத்த வாங்கியாறதும் இதோ இந்த லேப்புக்காரம்மாதான்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஆமாம் நைனா. ஐந்து வருடமாகக் கடைத்தெருவுக்குப் போய் உன் பழைய பிராண்டையே கேட்டு வாங்கி வந்தது நான்தான். உனக்குச் செய்கிற அன்பு என்று நினைத்தேன்.

அம்மா உன் படத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, இலையிலிருந்த பீடிக் கட்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"உங்க நைனாவுக்குக் கம்பெனி கேட்டுல வாட்ச்மேன் வேல. உள்ள பீடி கூடாதுன்னான். அந்த வேலைக்காக எட்டு மணி நேரம் பீடியக் காதுல சொருகிக்கினு பத்த வெக்காம நின்னாரு. அந்தச் சம்பளத்துல உங்களப் படிக்க வெச்சாரு. வேலைக்காக எட்டு மணி நேரம் வுட்டவரு, புள்ளைக்காக ஒரேடியா வுட மாட்டாரா? இன்னியோட அவரு வுட்டாருடா. நீ?"

முரளி இலை முன்னால் உட்கார்ந்து ஒரு கடலை உருண்டையை எடுத்துக் கடித்தான். அதுதான் பதில் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

மிச்ச நாளெல்லாம் எரிந்து விழுந்தான், தூங்காமல் புரண்டான், ஒரு டப்பா உருண்டையைத் தனியாகத் தீர்த்தான். மிஷின் உன் படத்துக்குப் பின்னால்தான் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் அம்மா அதையும் துடைத்து வைக்கிறாள். அங்கே போனால் திரும்ப வாங்கிவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் ஊரில் தெருவுக்கு ஒரு கடையாம்.

நேற்று போன் செய்தான். எடுத்ததும், "அக்கா, நைனா பீடி கேட்டாரா?" என்றான்.

"கேக்கலடா."

"அப்ப நானும் கேக்கல."

போனை வைத்துவிட்டு உன் படத்தின் முன் நின்று சத்தமாகச் சிரித்தேன். அழவும் செய்தேன், பொய் சொல்வானேன்? அவன் இன்னும் எத்தனை நாள் தாங்குவான் என்று தெரியாது. நீ தாங்குகிற வரைக்கும் தாங்குவான் போலிருக்கிறது. அதனால் ஜாக்கிரதை நைனா, உன்னை நம்பித்தான் அவன் இருக்கிறான்.

அடுத்த வருடம் இலையில் பீடி இருக்காது. அந்த இடத்தில் இரண்டு உருண்டை கூடுதலாக வைக்கிறேன், இது சத்தியம். கோபம் வந்தால் கனவில் வா, வாதாடலாம். நான் பொய் சொல்லாமலே ஜெயிப்பேன்.

இனி உனக்குப் பீடி வாங்கித் தராத, உன் பெரிய பொண்ணு,
கோமதி