எண்ணெய் விரல் பட்ட சான்றிதழ்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

இந்த சர்வதேசப் பள்ளியில் ஒரு வேடிக்கை. என் பட்டச் சான்றிதழில் எண்ணெய்க் கறையைப் பார்த்த தலைமையாசிரியர், "டீச்சர், இது அசல்தானா?" என்று ஒரு மாதம் என்னை வகுப்புக்கே விடவில்லை. உன்னிடம் சொல்லவில்லை. நேற்று பார்த்தால், கண்ணாடிச் சட்டம் போட்டு அவர் மாட்டியிருந்த முனைவர் பட்டம்தான் போலியாம்! ஆள் கிளம்பிவிட்டார், சட்டம் மட்டும் தொங்குகிறது.

"நம்ம வீட்டுல முதல் பட்டதாரிடி!" என்று அடுப்படியிலிருந்து ஓடிவந்து எண்ணெய்க் கையோடு அதை வாங்கினாயே, ஞாபகமிருக்கிறதா? அன்று உன்மேல் எரிந்து விழுந்தேன். இப்போது சாயங்காலங்களில் அந்தக் கறைமேல் என் விரலை வைத்துப் பார்க்கிறேன். உன் விரல் என்னுடையதைவிடச் சின்னது.

மணி அடித்துவிட்டது, ஏழாம் வகுப்புக்கு ஓட வேண்டும். பதில் எழுதும்போது கையைத் துடைத்துக்கொள்ளாதே.

உன் மகள்