மூக்கிலிருந்து எடுத்த செல்

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுறேன். நானும் அம்மாவும் நல்லா இருக்கோம், நீயும் ஒழுங்கா தின்னுட்டுத் தூங்கிட்டு இருப்பேன்னு நம்புறேன். போன்ல பேசினா நடுவுல பூந்துடுவ, அதான் லெட்டர்.

உன் நாய் தடியனுக்கு ஆபரேஷன் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு. வேன் இடிச்சு முதுகுத்தண்டு நசுங்கினதுலேர்ந்து பின்னங்கால் ரெண்டும் ஈரத்துணி மாதிரி இழுபட்டுச்சில்ல, அதுக்கு அவன் மூக்குக்குள்ளேர்ந்தே செல் எடுத்து வளர்த்து முதுகுல ஏத்துனாங்க. செல் போடணும்னு டாக்டர் சொன்னதும் உன் மாமன் எத்தனை செல், பெருசா சின்னதான்னு கேட்டான் பாரு, டார்ச் லைட்டுக்குப் போடுறதுன்னு நெனச்சுட்டு. அந்த அறிவாளிதான் இப்ப நாயை ஊசி போட்டு முடிச்சுடலாம்னு உன் கையெழுத்துக்குப் பேப்பர் அனுப்பியிருக்கான், நாய் உன் பேர்ல இருக்குதாம். டாக்டர் அவனுக்கும் மேல. டிரெட்மில்லுன்னு ஓடுற பட்டையில தடியனை நிக்க வெச்சாரு, பின்னங்கால் எட்டு வெச்சுது, உடனே ஆளைக் கூட்டி வீடியோ, கைத்தட்டல், முழுசா குணம்னு பீத்தல். நான் பத்தாவதுல பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்தவன், பத்தொன்பது வயசுல உனக்கு அப்பன் ஆனவன், ஆனா ரெண்டு முனையிலயும் தொட்டுப் பாக்காம எந்த வண்டி ஒயரிங்கையும் சரியாச்சுன்னு சொன்னதில்ல. தடியன் கண்ணைப் பொத்திட்டுப் பின்னங்கால் வெரலை நறுக்குனு கிள்ளினேன். கால் வெடுக்குனு இழுத்துக்கிச்சு. பாத்தீங்களா வலிக்குதுன்னு டாக்டர் குதிச்சாரு. கத்தலையே சார், தலை திரும்பலையே, காலுக்குத் தெரியுது நாய்க்குத் தெரியலன்னேன். மனுஷன் கண்ணாடியைத் தொடைக்க ஆரம்பிச்சுட்டாரு. அப்புறம் மெதுவா, மூளைக்குச் சேதி இன்னும் போகல, மூத்திரம் தானா போறதும் சந்தேகம்தான்னாரு. இதை மொதல்லயே சொன்னா வாய் வெந்துடுமா?

மாமனுக்கு ஒரே குஷி, நான்தான் அப்பவே சொன்னேனேன்னு. தெனம் மூணு வாட்டி வயித்தை அமுக்கி மூத்திரம் எடுக்குறது நான், இவனுக்கு என்ன வலிக்குது? நீயும் நாய்க்கு எது நல்லதோ அதைச் செய்வோம்னு மெசேஜ் போடுற. படிச்சவன் பேச்சு, யார் மேலயும் படாம வழுக்கிட்டுப் போகுது. வந்து பாருடா. காலைல நான் ஒயரிங் கடைக்குக் கெளம்பினா தடியன் அவனா எந்திரிச்சு கேட் வரைக்கும் வர்றான். பின்னங்கால் தன்னோடதுன்னே தெரியாம, அது நடக்குற சத்தம் கேட்டு, எவனோ தன்னைத் தொடர்ந்து வர்றான்னு திரும்பித் திரும்பி உறுமுறான். வீட்டைக் காக்குற நெனப்புல இருக்குறவனுக்கு ஊசியாம்.

நல்லா இரு, உடம்பைப் பாத்துக்க, அம்மாகிட்ட அடிக்கடி பேசு. அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடணும்னு தோணுச்சுன்னா நேர்ல வந்து, தடியன் உறுமும்போது பக்கத்துல நின்னு போடு.

இப்படிக்கு,
உங்கப்பன்