அந்தக் கார்னெட் யாருடையது

நாட்டிங்காம்,
9 பிப்ரவரி 2004

அன்புள்ள மார்வா அக்கா,

போனில் பேசினால் இருவரும் கத்துகிறோம், அம்மா அடுத்த அறையிலிருந்து சுவரைத் தட்டுகிறாள்; எழுதலாம் என்று நீதான் சொன்னாய். எழுதுகிறேன். அம்மா நலம். முழங்கால் வலி அப்படியேதான். ஞாயிற்றுக்கிழமை பயறு போட்ட சோற்றை இன்னும் உனக்கும் சேர்த்தே ஆக்கிவிட்டு, மிச்சமானால் என்னைத் திட்டுகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் ரெக்கார்டு கம்பெனியிலிருந்து இமோஜென் என்று ஒரு பெண் கூப்பிட்டாள். வேலை நேரத்தில். லிஃப்ட் குழிக்குள் கிரீஸ் கையோடு நிற்கிறேன். "ஹலோ கெல்வின், 'ஈரக் கோட்டு' பாட்டுல ஒரு கார்னெட், அந்தக் குட்டி எக்காளம், வருதே, அதை எந்த ரெக்கார்டுல இருந்து எடுத்தீங்க? உரிமைக்காரங்க கையெழுத்து வாங்கணும்" என்கிறாள்.

"சொல்ல முடியாது" என்றேன்.

"ஏன்?"

"ஏன்னா சொல்றதில்ல."

வைத்துவிட்டேன்.

ராப் பாட்டுக்குப் பீட் செய்கிறவன் சத்தத்தின் மூலத்தைச் சொல்ல மாட்டான் என்று உனக்குத் தெரியாதா? நீ அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டாமா? பழைய இசைத்தட்டுக் கடைகளில் முட்டி போட்டு, பெட்டி பெட்டியாகப் புரட்டி, மூன்று நொடிச் சத்தத்தைக் கண்டுபிடிக்கிறோம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, தட்டின் நடுவில் ஒட்டிய காகிதத்தை வெந்நீரில் ஊறவைத்து உரிப்பது. மேடையில் ஓட்டும்போது பக்கத்தில் நிற்கிறவன் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியக் கூடாது. இது நம் தொழிலின் மானம். ஐந்நூறு தட்டு அச்சடித்து, கார் டிக்கியில் போட்டுக்கொண்டு லீட்ஸுக்கும் பிரிஸ்டலுக்கும் நாமே ஓட்டிப் போய் விற்றோமே, அப்போது எவன் கையெழுத்துக் கேட்டான்?

இன்னொன்று. அமெரிக்கக்காரன் மாதிரி மூக்கால் இழுக்காமல், மான்ஸ்ஃபீல்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவள் பேசுகிற பேச்சிலேயே நீ பாடினாய். மழை, கவுன்சில் வீடு, தேநீர், நனைந்த கோட்டு. இந்த நாட்டு ராப் என்றால் அதுதான். லண்டன்காரனுக்கு அது கேட்க எட்டு வருடம் ஆயிற்று என்றால், கோளாறு அவன் காதில் இருக்கிறது. நாம் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

சாப்பிடு ஒழுங்காக.

உன் தம்பி,
கெல்வின்


லூயிஷம், லண்டன்,
17 பிப்ரவரி 2004

ஆசைத் தம்பி கெல்வினுக்கு,

உன் கடிதத்தில் கிரீஸ் வாசனை அடிக்கிறது. அதிலேயே பாதிக் கோபம் போய்விட்டது. மீதிப் பாதியோடு எழுதுகிறேன்.

அறை சின்னது. வீட்டுக்காரி, நான் பாட்டுக்கு ஒத்திகை பார்ப்பதை ஜெபம் என்று நினைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே "ஆமென்" சொல்லிவிட்டுப் போகிறாள். நானும் திருத்தவில்லை.

தொழில் மானம் பற்றி எனக்கு வகுப்பு எடுக்காதே. நீ பீட் செய்ய ஆரம்பித்ததே நான் பாட ஒருவன் வேண்டும் என்பதால்தான். எட்டு வருடம் நம் கூட்டத்தின் முன்னால் நின்று பாடியவள் நான், நீ இல்லை. நீ திரும்பி நின்று தட்டை ஓட்டிக்கொண்டிருந்தாய். உனக்கு முகங்கள் தெரியாது. மதுக்கடை மாடியில் அறுபது ஆண்பிள்ளைகள், கையைக் கட்டிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு. பெண்கள் கழிப்பறையில் வரிசையே நிற்காத ஒரே சங்கீதம் நம்முடையதுதான்டா! போன வாரம் பெக்கமில் பாடினேன். முன்வரிசை முழுக்கப் பெண்கள். 'ஈரக் கோட்டு' இரண்டாவது தடவை வந்தபோது அவர்களே பாடினார்கள், நம் ஊர்ப் பேச்சிலேயே. கம்பெனிக்காரர்கள் என் வாயில் ஒரு எழுத்தைக்கூட மாற்றச் சொல்லவில்லை. நான் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு முப்பத்தொன்று ஆகிறது. இந்தப் பாட்டு வெளியே போக வேண்டும். உன் பீட்டோடு போக வேண்டும். 'இசை: கெல்வின் டேக்ரஸ்' என்று தட்டின்மேல் அச்சில் இருக்க வேண்டும், அம்மா அதைக் கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டும். அதற்கு நீ அந்தத் தட்டின் பெயரைச் சொன்னால் போதும். மார்ச் முடிவதற்குள். இல்லையென்றால் வாத்தியக்காரர்களைக் கூட்டிவந்து அதே மெட்டைத் திரும்ப வாசித்துப் பதிவு செய்துகொள்வார்கள். அப்புறம் அது உன் பீட் இல்லை. உன் பெயரும் இருக்காது.

சொல்லிவிடு, கண்ணா.

அன்புடன்,
அக்கா மார்வா


நாட்டிங்காம்,
1 மார்ச் 2004

மார்வா அக்காவுக்கு,

வாசிக்கட்டும். எனக்கென்ன பயம்?

ஆனால் வராது. ஏன் வராது என்று சொல்கிறேன், உன் கம்பெனிக்கும் படித்துக் காட்டு. அந்தக் கார்னெட்டின் மூன்றாவது சுரம் ஒரு இழை உடைகிறது. அது பதிவான கூடம் பெரியது, பலகைத் தரை. சத்தம் போய்ச் சுவரில் மோதித் திரும்புவது கேட்கும். அதன்மேல் தட்டின் கீறல். அதை நான் சத்தத்தை வெட்டி ஒட்டும் சாம்பிளரில் வேகம் குறைத்தபோது சுருதி இறங்கி, மனிதன் அழுகைக்கு முன் தொண்டையைச் செருமுவது போல ஆயிற்று. பளபளவென்று லண்டன் ஸ்டுடியோவில் மணிக்கு இவ்வளவு என்று கூலிக்கு வருகிறவன் அதை எங்கிருந்து எடுப்பான்?

மூலத்தைச் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? நாளைக்கே ஒவ்வொருவனும் அதே தட்டைத் தேடி வாங்குவான். அந்தக் கார்னெட் தேநீர்க் கெட்டில் விளம்பரத்தில் ஊதும். இப்போது உலகத்தில் அந்தச் சத்தம் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

தட்டுக் கடையில் ப்ராட்லி என்ன சொன்னான் கேள். "உங்க அக்கா இனிமே சூப்பர்மார்க்கெட்ல முட்டைக்கோஸ் தள்ளுபடியத்தான் ராப் பண்ணுவாங்க போல" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். ஏன் சிரிக்கக் கூடாது? கூட்டத்துக்கு ஏற்ற மாதிரி ஆடுகிறவள் நீதானே.

மார்ச் முடியட்டும். நான் சொல்லப் போவதில்லை.

கெல்வின்


லூயிஷம்,
8 ஏப்ரல் 2004

கெல்வின்,

முடிந்துவிட்டது. நேற்றுப் பதிவு செய்தார்கள்.

வந்தவர் நல்ல மனிதர், ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்கிறவர். உன் பீட்டைப் போட்டுக் காட்டினேன். "இங்க நோட்டு உடையுதே, வேணும்னே உடைக்கணுமா?" என்றார். ஆமாம் என்றேன். பாவம், பல தடவை முயன்றார். உடைத்தால் வேண்டுமென்றே உடைத்த மாதிரி இருந்தது. கடைசியில் தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சுத்தமாவே வாசிச்சிடுங்க சார், மார்வா பாத்துக்குவா" என்றார். மார்வா பார்த்துக்கொண்டாள். வேறென்ன செய்வாள்.

டிரம்ஸும் புதிது. 'இசை' என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஒருவரை ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

நீ சொன்னது சரிதான், அந்தச் சத்தம் வரவில்லை. உனக்குச் சந்தோஷமா?

ப்ராட்லி சொன்னதற்கு அவனிடம் நானே பேசிக்கொள்கிறேன். நீ சிரித்ததற்கு யாரிடம் பேசுவது?

அம்மாவுக்கு மருந்துக்கடையில் சொல்லி முழங்காலுக்கு அந்த நீல டப்பா வாங்கிக் கொடு.

மார்வா


நாட்டிங்காம்,
22 ஜூன் 2004

மார்வா அக்கா,

இரண்டு மாதமாக நீ எழுதவில்லை. நானும் எழுதவில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஷாப்பிங் சென்டரில் லிஃப்ட் கதவு சென்சார் மாற்றிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே, கூரை ஸ்பீக்கரில் நீ. செருப்புக் கடைக்கும் சாண்ட்விச் கடைக்கும் நடுவில். கார்னெட் வந்தது. இஸ்திரி போட்ட சட்டை மாதிரி ஒரு கார்னெட். லிஃப்டுக்குக் காத்திருந்த ஒருத்தி குழந்தை வண்டியை ஆட்டிக்கொண்டே கூடவே பாடினாள், ஒரு சொல் பிசகாமல். "எங்க ஊர்ப் பொண்ணு, தெரியுமா?" என்றாள் என்னிடம்.

"தெரியும்" என்றேன்.

"அப்படியே நம்மள மாதிரியே பேசுறா. நம்ம ரேடியோல நம்மள மாதிரி யாரு பேசுறா சொல்லுங்க?"

கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அவள் பாடியது நான் என் கட்டில்மேல் உட்கார்ந்து ஒட்டிய பாட்டை. என்னுடையது என்று அவளிடம் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. நீ ஒருமுறை, ஒரே ஒருமுறை, கம்பெனிக்காரனிடம் "என் தம்பி பீட் இல்லையென்றால் இந்தப் பாட்டு வேண்டாம்" என்று சொல்லியிருக்கக் கூடாதா? மார்ச் மாதத்தில் ஒரு தேதி சொன்னார்கள் என்றதும் ஆட்டுக்குட்டி மாதிரிப் போய் நின்றுவிட்டாய். விற்றுவிட்டாய், அக்கா. பாட்டை மட்டும் இல்லை.

கெல்வின்


லூயிஷம்,
3 ஜூலை 2004

கெல்வினுக்கு,

இதை உனக்குச் சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

ஹார்ல்பி சுரங்கத் தொழிலாளர் பித்தளை வாத்தியக் குழு. 1974. இரண்டாம் பக்கம், நான்காவது பாட்டு.

தட்டின் காகிதத்தை உரித்தாய். அதன் அட்டை உறையைத் தூக்கி எறிய மனம் வரவில்லை, இல்லையா? உன் வேலைப் பெட்டியில் கீழ் அடுக்கில், துணி சுற்றி. போன வருடம் என் சைக்கிளுக்கு ஸ்பேனர் தேடியபோது பார்த்தேன். நீ குளித்துக்கொண்டிருந்தாய். எந்தப் பாட்டு என்று போட்டும் கேட்டேன்.

இமோஜென் என்னை நாலு தடவை கேட்டாள். தயாரிப்பாளர் கேட்டார். வக்கீல் கேட்டார். "உனக்குக்கூடத் தெரியாதா மார்வா?" என்றார்கள். தெரியாது என்றேன். ஸ்டுடியோவில் அந்த மனிதர் உதடு வீங்க ஊதிக்கொண்டிருந்தபோது, நான் ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், உன் பீட், உன் பெயர், உடைந்த சுரம், எல்லாம் அப்படியே நிற்கும். வாயைத் திறக்கவில்லை. அது நான் சொல்ல வேண்டியது இல்லை. சொல்லாமல் இருப்பது நம் தொழிலின் மானம் என்று எனக்கு எழுதியவன் நீ.

எது வேண்டுமானாலும் சொல். விற்றுவிட்டேன் என்று மட்டும் இனி சொல்லாதே.

பதில் எழுத வேண்டாம். கொஞ்ச நாள் என்னால் உன் எழுத்தைப் பார்க்க முடியாது.

மார்வா


நாட்டிங்காம்,
19 ஆகஸ்ட் 2004

அக்கா,

எழுத வேண்டாம் என்றாய். ஆறு வாரம் பொறுத்தேன். எனக்கு அது எவ்வளவு என்று உனக்குத் தெரியும்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை ஹார்ல்பிக்குப் போனேன். சுரங்கத்தை மூடிவிட்டார்கள், குழுவை மூடவில்லை. தொழிலாளர் மன்றக் கூடத்தில் பயிற்சி. செயலாளர் பாலின் என்ற அம்மாள், யூஃபோனியம் என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியத்தை இடுப்புக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். என் வாயால், பெயரோடு. ஹெட்போனை மாட்டிவிட்டேன்.

பாட்டை மறுபடியும் போடச் சொன்னார். பிறகு, "அடக் கடவுளே, டெரெக்! இங்க வா. மொத்த ரெக்கார்டுலயும் நீ சொதப்புன இடத்தப் பாத்து எடுத்திருக்கான் இந்தப் பையன்!"

டெரெக் வந்து கேட்டார். "அன்னிக்கு எனக்குச் சளி" என்றார்.

"முப்பது வருஷமா இதையேதான் சொல்றான்" என்றார் பாலின்.

"எத்தனை வித்துச்சு தம்பி?" என்று டெரெக் கேட்டார். ஐந்நூறு என்றேன். "பரவால்லையே. நாங்க முந்நூறு போட்டோம். பாதி அந்த அலமாரியிலயே இருக்கு, வேணும்னா எடுத்துக்க." கதவைத் திறந்து காட்டினார். உலகத்தில் என்னிடம் மட்டும் இருந்த தட்டு, அக்கா, மடக்கு நாற்காலிகளுக்குப் பின்னால் கூரைவரை அடுக்கி இருக்கிறது.

பாலின் ஒரே ஒரு குறை சொன்னார்: "எங்களுக்கு ஒரு காப்பி குடுத்திருக்கலாம்ல, கண்ணு?"

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இமோஜெனுக்கு அனுப்பினேன். "பாட்டு வெளிய வந்துடுச்சே கெல்வின்" என்றாள். தெரியும் என்றேன். ஆல்பத்தில் பழைய பீட்டா புதிய பதிவா, எது போகும் என்பது மார்வா கையில் என்றாள். அதையும் தெரியும் என்றேன். உன்னிடம் அதை நான் கேட்கப் போவதில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை.

ப்ராட்லி கடைக்கும் போனேன். கடை நிறையப் பேர் இருக்கும்போது சத்தமாகச் சொன்னேன், என்ன தட்டு, எந்தப் பக்கம், எந்தப் பாட்டு என்று. பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். ஒருவன் குறித்துக்கொண்டான்.

அவர்கள் குழு முழுவதும் சேர்ந்து 'ஈரக் கோட்டு' வாசித்துப் பார்க்கிறார்கள். டெரெக் அந்தச் சுரத்தை உடைக்கப் பழகுகிறார், வரமாட்டேன் என்கிறது. பாடுகிறவளைக் கூட்டிவா என்று பாலின் கேட்கிறார். அவள் பெரிய ஆள், வருவாளா தெரியாது என்றேன்.

பயிற்சி சனிக்கிழமையும் உண்டு. ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுது. நீ கோபமாகவே வா. ஸ்டேஷனுக்கு வருகிறேன், என் வேலை வேனின் முன்சீட்டைத் துடைத்து வைக்கிறேன்.

கெல்வின்