அப்பீலுக்கும் வாய்தா

ஐப்பசி 9, வியாழன்

சாயங்காலம் கலியபெருமாள் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் மேல் பார் கவுன்சிலில் புகார் கொடுத்து, ஆறு மாதம் கறுப்புக் கோட்டை ஆணியில் மாட்ட வைத்த அதே வளையமாதேவிக்காரர். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். கையில் பரங்கிக்காய்.

“அப்பீல் போட்டுட்டாராம்மா?”

எங்கே போட்டார். டெல்லிக்கு அனுப்பக் கெடு இந்த வாரத்தோடு முடிகிறது.

“தண்டனை வாங்கிக் குடுத்ததே நீங்கதான். இப்ப என்ன அக்கறை?” என்றேன்.

“என் நெலத்துக் கேசு அப்படியே நிக்குதுங்க. இவர மாதிரி பேச இந்தப் பக்கம் ஆளு கெடையாது. பேசத் தெரியலன்னா எழுதிக் குடுத்தேன்? தேதிக்கு வர மாட்டேங்கிறாருன்னுதான எழுதிக் குடுத்தேன்.”

புகாரை வாபஸ் வாங்கக்கூட விசாரித்தாராம். தண்டனை சொன்ன பிறகு அதெல்லாம் முடியாது என்று சொல்லிவிட்டார்களாம்.

உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த இவர் தலையை மட்டும் நீட்டி, “வாங்க கலியபெருமாள். நாளைக்கு உக்காந்து எழுதிடலாம்னு இருக்கேன்” என்றார்.

கலியபெருமாள் என்னைப் பார்த்தார். “இதத்தாம்மா நான் புகார்ல எழுதியிருந்தேன்.”

நாளை ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து மைன்ஸிலிருந்து நேரே இங்கே வருவாராம். டைப் அடித்து முடிக்கிறவரை இவர் பக்கத்திலேயே ஒக்காந்துகினு இருப்பாராம்.

இவர் குறட்டை விடுகிறார். அப்பீல் எழுத வாங்கிய பேப்பர் கட்டு பிரிக்காமல் மேஜையில் கிடக்கிறது, மேலே பரங்கிக்காய். நாளையும் எழுதவில்லை என்றால் கலியபெருமாள் இன்னொரு புகார் கொடுக்கட்டும். முதல் சாட்சி நான்.