நாலு மணிக்கு வெட்ட வேண்டிய கேக்

மார்ச் 4, புதன்

காலையிலிருந்து பனித்தூறல். பஸ் பிந்தி, வேலைக்கும் பிந்தி.

பின்னேரம் சம்பந்தி ரோசன்னா வந்தார். சனிக்கிழமை மகள் அபியின் ரிசப்சனுக்குத் தானே கேக் செய்வாராம். தன் மகனின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் செய்த அதே இத்தாலிக் கேக், மிமோசா. பஞ்சு போன்ற கேக்கைக் கிடையாக வெட்டி, பழப்பாணி விட்டு, கிரீம் வைத்து அடுக்கி, மேலே கேக்கையே உதிர்த்துத் தூவுவது. நான் சொல்லி வைத்திருந்த மூன்று தட்டு ஐசிங் கேக்கை நிற்பாட்டியாயிற்று. அபிக்குப் புளுகம், துள்ளிக் குதித்தாள்.

ரோசன்னா கேட்டது ஒன்றுதான்: "எத்தனை மணிக்கு வெட்டுவீர்கள்? கிரீம் வெளியே அதிக நேரம் தாங்காது."

அழைப்புக் கார்டில் போட்டபடி நாலு என்றேன்.

மார்ச் 5, வியாழன்

வெயில். பிளவுஸ் எடுக்க வேண்டும், பூவுக்குப் போன்.

நாலு என்றால் எங்கள் ஆட்கள் ஆறுக்குத்தான் வருவார்கள். அதை அந்த மனுசிக்கு எப்படிச் சொல்வது? அவரோடு கதைக்கிற அளவுக்கு ஜெர்மன் தெரியும், வாய்தான் வரவில்லை. இவரிடம் கேட்டேன்.

"நாலெண்டு போட்டாத்தான் ஆறுக்கெண்டாலும் வருவினம். அதைப் போய் விளக்கிக்கொண்டு நிக்காதை."

மண்டபத்துப் பிரிட்ஜில் இடமில்லையாம். கேக் பாதி மேசை அளவு வருமாம்.

மார்ச் 6, வெள்ளி

ரோசன்னா போன். முழுநாளும் முட்டை அடிக்கிறாராம். "உங்கள் ஆட்கள் ஒருவரையும் எனக்குத் தெரியாது. கேக் இருந்தால் கதைக்க ஒரு விசயம் இருக்கும்" என்றார். சொல்லிவிட வாயெடுத்தேன். சொல்லவில்லை. என் மேலேயே எரிச்சல்.

மார்ச் 7, சனி

நாலு மணி. ரோசன்னாவின் சொந்தங்கள் எல்லோரும் கதிரையில். எங்கள் பக்கம் நான், இவர், வீடியோக்காரத் தம்பி. அபிக்குச் சோடனை முடியவில்லை. கேக் மேடையில், லைட்டுக்குக் கீழே.

ஐந்தாகியது. கேக்கின் ஓரம் சரியத் தொடங்கியது. ரோசன்னா முகம் சிவக்க, கரண்டியால் கிரீமை மேலே மேலே தள்ளிக்கொண்டு நின்றார். பார்க்கப் பொறுக்கவில்லை. போய்க் கத்தியை எடுத்தேன்.

"அன்ரி, என்ன செய்யிறியள்? பொம்பிளை மாப்பிளை வெட்டுற சீன் எடுக்கோணும்."

"மிஞ்சிறதிலை எடு, தம்பி."

ரோசன்னாவிடம் உள்ளதைச் சொன்னேன். வெட்கத்தில் மறைத்ததையும் சொன்னேன்.

"புதனன்றே சொல்லியிருக்கலாமே?" என்றார். பிறகு, "சரி, தட்டுகள் எங்கே?"

இருவரும் வாசலில் நின்று, வர வர ஆளுக்கொரு துண்டு கொடுத்தோம்.

"இதென்ன மச்சாள், வாசல்லையே கேக்கோ?"

"சம்பந்தி செய்தது. திண்டிட்டு உள்ளை போ."

ரோசன்னா ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டுக் கேட்டுச் சொல்லிப் பார்த்தார். என் தமக்கை அவர் கையைப் பிடித்து இன்னொரு துண்டு வாங்கினார். அபி மேடைக்கு வந்தபோது ஒரு துண்டுதான் மிச்சம். முகத்தை நீட்டினாள், வாயில் வைத்ததும் அடங்கினாள்.

போகும்போது ரோசன்னா, "நாளை மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். பத்து மணிக்கு வாருங்கள்."

மார்ச் 8, ஞாயிறு

மூடுபனி. இனியும் மானம் போகக்கூடாது என்று இவரை அடித்து எழுப்பி, சரியாகப் பத்துக்கு அவர் வீட்டு மணியை அடித்தோம்.

கதவைத் திறந்த ரோசன்னா இரவு உடுப்பில், ஈரத் தலையில் துவாயுடன். நாங்கள் பன்னிரண்டுக்குத்தான் வருவோம் என்று கணக்குப் போட்டுப் பத்து என்றாராம்.

இழுத்து உள்ளே விட்டு, என் கையில் வெங்காயத்தைத் தந்தார்.