அலுமினியத்தின் மேல் அடித்த கறுப்பு

பெயிண்ட் ரிமூவர் டப்பாவைத் திறந்ததும் உன் வாடை வந்தது. வேலை முடிந்து நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் இப்படித்தான் மூக்கில் ஏறும். "சோப்பு போட்டும் போவல மச்சான், இதான் நமக்கு சென்ட்டு" என்பாய்.

உன் மலை சைக்கிளின் ஃபிரேம் இப்போது என் வீட்டு மொட்டைமாடியில் கிடக்கிறது. சக்கரம், செயின் எல்லாம் கழற்றிவிட்டேன். நீ போன பிறகு அரியாங்குப்பத்தில் உங்கள் வீட்டுப் பின்பக்கம் மழையிலேயே நின்றதில், நீ அடித்த கறுப்பு உரிந்து தொங்கியது. உன் தங்கை செல்விக்கு டவுனில் துணிக்கடை வேலை கிடைத்திருக்கிறது. அண்ணன் வண்டியில்தான் போவேன் என்கிறாள். உன் அம்மா கேட்டது ஒன்றுதான்: "பழையபடி கறுப்பே அடிச்சுக் குடுப்பா. பளபளன்னு வேணாம்."

அம்மாவின் பயம் எனக்குத் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் ரெட்டியார்பாளையத்துப் பெரியவர் வீட்டுக்கு நீ பெயிண்ட் அடிக்கப் போனபோது கிடைத்த வண்டி அது. அவர் மகன் பாரிஸிலிருந்து கொண்டுவந்து மறந்துபோனது. "எடுத்துக்கோப்பா" என்று கொடுத்துவிட்டார். பெயிண்டே இல்லாத வெறும் அலுமினியம். வெயிலில் கண் கூசும்.

கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டல் வாசலில் காவலாளி உன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். "எங்கடா தூக்கின? உன் மூஞ்சிக்கு ஃபாரின் வண்டியா?" நானும் கூட நின்றேன். என் வண்டியை அவர் தொடவில்லை. என் சட்டையில் பெயிண்ட் கறை இல்லை, அவ்வளவுதான். உன் தெரு டீக்கடையிலும் விடவில்லை. "எந்த வூட்ல கன்னம் வச்ச?" என்று சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிறு இரும்புக் கேட்டுக்கு அடிக்கும் கறுப்பு எனாமலைப் பூச உட்கார்ந்தாய். நான் கத்தினேன்: "அவனுங்க சொன்னதுக்கு நீ ஏன்டா பயந்து சாவற?" நீ தலை நிமிரவே இல்லை. "உன்ன நிறுத்த மாட்டாங்க, நீ பேசுவ. நான் தினம் அந்தத் தெருவுலதான் வேலைக்குப் போவணும்."

அந்தத் தெருவில்தான் ஒரு பழைய பிரெஞ்சு வீட்டை ஹோட்டலாக மாற்றும் வேலையில் சாரம் சரிந்து விழுந்தாய். இடுப்புக் கயிறு இல்லை, ஹெல்மெட் இல்லை. "பாத்து ஏறியிருக்கணும்" என்றார் கான்ட்ராக்டர். அந்த மஞ்சள் சுவர் முன்னால் இன்று கல்யாண ஜோடிகள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நீ விட்ட இடமும் அடுத்தவன் தொடங்கிய இடமும் கண்ணுக்குத் தெரியவில்லை.

நேற்று சுரண்டினேன். வெல்டிங் மூலைகளுக்குத்தான் ரிமூவர் தேவைப்பட்டது. மற்ற இடமெல்லாம் நகத்தால் கீறினாலே தோல் மாதிரி உரிந்தது. அடியில், பெயிண்ட் பிடித்து நிற்க முதலில் பூசும் ப்ரைமர் இல்லை. உப்புத்தாள் தேய்த்த கீறல் ஒன்றுகூட இல்லை. கம்பெனிப் பளபளப்பு அப்படியே இருந்தது.

கக்கூஸ் கதவுக்குக்கூட ப்ரைமர் இல்லாமல் பிரஷ்ஷைத் தொடாதவன் நீ. சொந்த வண்டிக்கு மட்டும், வேண்டுமென்றே, நிற்காத பெயிண்ட் அடித்திருக்கிறாய். ஒருநாள் உரித்துவிட்டு ஓட்டலாம் என்று. அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாமேடா.

செல்வியை வரச்சொல்லிக் காட்டினேன். குழாய் முழுக்கத் தடவிப் பார்த்தாள்.

"இப்படியே ஓட்டு. எவனாச்சும் கேட்டா நான் வரேன்" என்றேன்.

"நீங்க எத்தன நாளுண்ணா வருவீங்க? கடையில தினம் பையக் கொட்டிப் பாத்துட்டுத்தான் வெளிய உடறாங்க. இதுக்கு வேற நின்னு பதில் சொல்லவா? கறுப்பே அடிச்சுடுங்க."

இன்று காலை அடித்தேன். உன் கை வராது எனக்கு. பிரஷ் கோடு தெரிகிறது. கறுப்பை உரித்துவிட்டு ஓட்டும் நாள் ஒன்று வரும் என்று நீ நம்பியிருக்கிறாய். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. இந்த ஊர்மேல் இருக்கும் கோபம்தான் மிச்சம். ஆனாலும் பெயிண்ட் கடைக்காரர் ப்ரைமர் டப்பாவையும் சேர்த்து எடுத்து வைத்தபோது, வேண்டாம் என்றேன்.